துறைமுக வாசலும் வீட்டு வாசலும்: 1918 விஷக்காய்ச்சலைத் திருகோணமலையில் நின்று பார்த்தல்

அம்மம்மாவுக்குத் திகதிகள் நினைவில் நிற்பதில்லை. வருஷங்களை எண்ண அவவிடம் இரண்டு மைல்கற்கள் இருந்தன. ஒன்று, யப்பான்காரன் திருமலையில் குண்டு போட்ட வருஷம், 1942. மற்றது அவ பிறக்க முன்பே நடந்தது, தாயிடம் கேட்டு வைத்திருந்தது: பெரிய காய்ச்சல் வருஷம்.

"அடுப்பால குடிநீர்ச் சட்டி இறங்கவே இல்லையாம் பிள்ளை. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சு அவிச்சு எல்லாருக்கும் குடுத்தவ, மூண்டாம் நாள் தானே போயிட்டாவாம்."

போனவ அம்மம்மாவின் அம்மம்மா. வயது 28 என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். அவ விட்டுப்போன எட்டு வயதுப் பெண் சித்தியின் கையில் வளர்ந்தவ. அந்தச் சிறுமிதான் பிறகு அம்மம்மாவைப் பெற்றவ.

இந்த ஆய்வை அந்த 28 என்ற வயதிலிருந்து தொடங்குகிறேன். வழக்கமான தடிமன் காய்ச்சல் கிழடுகளையும் கைக்குழந்தைகளையும்தான் கொண்டு போகும். 1918இல் வந்த இன்புளுவென்சா 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்களைத் தேடித் தேடி எடுத்தது. உழைக்கிற வயதிலும் பிள்ளை பெறுகிற வயதிலும் இருந்தவர்கள் போனார்கள். அதிலும் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த பெண்களை அது விட்டுவைக்கவில்லை. உலகத்தில் மூன்றில் ஒருவரை, ஏறத்தாழ 50 கோடிப் பேரை அது தொட்டது. இறந்தோர் தொகை 5 கோடி அளவில் என்பதே பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைவிடக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு, 10 கோடி வரை கூட்டிச் சொல்பவர்களும் உண்டு.

ஸ்பானியக் காய்ச்சல் என்ற பெயர் வந்தது ஸ்பெயினில் அது தொடங்கியதால் அல்ல. முதலாம் உலகப் போரில் நின்ற நாடுகள் தங்கள் படைகளுக்குள் பரவிய நோயைப் பத்திரிகையில் வரவிடவில்லை. போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் எழுதின, அந்நாட்டு அரசருக்கே காய்ச்சல் என்பதும் செய்தியானது. உண்மையைச் சொன்ன நாட்டின் மேல் பழி விழுந்தது. நம் பக்கத்தில் பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள், ஏனென்றால் 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் அது இறங்கியதை எல்லாரும் கண்டார்கள். கடமையில் இருந்த பொலிஸ் சிப்பாய்கள் சிலர் முதலில் படுத்தார்கள், சில வாரங்களில் நகரமே படுத்தது.

துறைமுகம் இருந்தது, கப்பல் இல்லை

1918இன் திருகோணமலையை இன்றைய நகரமாக எண்ணக்கூடாது. ஒரு கடற்படை முழுவதும் ஒளிந்து நிற்கக்கூடிய உட்துறைமுகம் அன்றும் இருந்தது. ஆனால் பிரித்தானியக் கடற்படை 1905 அளவில் செலவைக் குறைக்கவென்று இங்கிருந்த தளத்தைக் கைவிட்டிருந்தது. பிரெட்ரிக் கோட்டையின் படைவீடுகள் வெறிச்சோடின. அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்ட பிறகு பெரிய நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றக் கொழும்புக்கே போயின. ரயில் 1927இல்தான் இங்கு வந்தது. மாவட்டம் முழுவதும் சேர்த்து 1911 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30,000 பேர். கரையோரத்தில் மீன்பிடி, தம்பலகாமத்தில் நெல், நடுவில் காடு, காடெங்கும் மலேரியா.

பெருங்கப்பல் வராத துறைமுகம், ரயில் இல்லாத ஊர், சுற்றிவரக் காடு. இப்படியான இடத்துக்கு உலக நோய் எட்டிப் பார்க்காது என்று தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூச்சால் பரவும் நோய்க்குப் பெரிய கப்பல் தேவையில்லை, இருமிக்கொண்டு வரும் ஒரு மனிதர் போதும். கரையோரமாக ஊர் ஊராகத் தரித்துச் செல்லும் சிறு நீராவிக் கப்பல்கள் இருந்தன. கண்டி வீதியால் தம்புள்ளை, ஹபரணை தாண்டி வரும் மாட்டு வண்டிகள் இருந்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இந்திய ரயிலையும் இலங்கை ரயிலையும் இணைத்துவிட்டது. அந்த வழியால் தோட்டத் தொழிலாளர் வந்தார்கள், வணிகர் வந்தார்கள், ஊருக்குப் போய்த் திரும்புபவர்களும் வந்தார்கள். ஜூன் மாதத்தில் கொழும்பில் இறங்கிய காய்ச்சல் முதலில் இலேசாக அடித்து ஓய்ந்தது. செப்டெம்பர், ஒக்டோபரில் திரும்பி வந்தபோதுதான் ஆளைக் கொன்றது.

ஒக்டோபர் என்றால் நமக்கு மாரி தொடங்கும் காலம். வயல் விதைக்கும் காலம், வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறும் காலம், வீட்டுக்குள் எல்லாரும் ஒடுங்கிக் கிடக்கும் காலம். ஒரு பாய், ஒரு போர்வை, ஒரே குடிநீர்ச் சட்டி. மூச்சு நோய்க்கு இதைவிட வாய்ப்பான மாதம் கிழக்கில் இல்லை.

கப்பலை மறிக்கும் சட்டம்

அப்போது அரசின் கையில் ஒரு கருவி இருந்தது: 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். கொள்ளை நோயையும் வாந்திபேதியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கப்பலை வெளியே நிறுத்து, மஞ்சள் கொடி ஏற்று, நோயாளியைப் பிரி, வீட்டைப் புகையடி. எலியோடும் தண்ணீரோடும் வரும் நோய்களுக்கு அது ஓரளவு சரிவந்தது. கொழும்பில் 1914இல் கொள்ளை நோய் வந்தபோதும் அந்தச் சட்டம்தான் கைகொடுத்தது.

இன்புளுவென்சா அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத நோய். தொற்றி ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் காணும், காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றும். துறைமுக வைத்தியர் கப்பலின் ஏணியில் ஏறிப் பார்க்கும்போது நோயாளி நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். மேற்கு ஆபிரிக்காவின் பிறீடவுன் துறைமுகத்தில் 1918 ஓகஸ்ட் நடுப்பகுதியில் மான்ருவா என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பல் நோயாளிகளோடு கரி ஏற்ற வந்தது. கப்பலுக்குக் கரி சுமந்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். இரண்டு வாரம் ஆக முன்னே அவர்களில் பெரும்பாலானோர் வேலைக்கு வர முடியாமல் விழுந்தார்கள், அவர்களிடமிருந்து அடுத்து வந்த கப்பல்களுக்குப் போனது. நோயை ஏற்றியும் இறக்கியும் விடும் நிலையமாகவே அந்தத் துறைமுகம் மாறிவிட்டது. கரி சுமந்த அந்தக் கூலியாட்களை நினைக்கும்போது எனக்குக் கொழும்புக் கரிமேட்டில் வேலை செய்த நம் ஆட்களின் முதுகு கண்ணில் படுகிறது.

பசிபிக்கில் உள்ள சமோவாத் தீவுகளில் நடந்ததை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. நவம்பர் 7ஆம் திகதி தலூன் என்ற கப்பல் ஓக்லாந்திலிருந்து மேற்குச் சமோவாவுக்கு வந்தது. நோயாளிகள் இருந்தும் இறங்க விட்டார்கள். சில வாரங்களுக்குள் அங்கு ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜோன் பொயர் எந்தப் படகையும் நெருங்கவிடவில்லை, அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. ஆக, வாசலை முழுதாக அடைத்தால் தப்பலாம். இலங்கையால் அடைக்க முடியவில்லை. சாப்பாட்டு அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வர வேண்டியிருந்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று தோட்டத் துரைமார் நின்றார்கள். வாய்க்கு அரிசியும் ஏற்றுமதிக்குத் தேயிலையும் என்று கட்டப்பட்ட ஒரு தீவின் பொருளாதாரத்துக்கு வாசலை மூடும் வசதி கொடுக்கப்படவில்லை. நோயின் கதையில் எனக்கு ஆகக் கோபம் வருகிற இடம் இது.

காய்ச்சல் என்று எழுதப்பட்டவர்கள்

இலங்கையில் எத்தனை பேர் போனார்கள்? நூறாண்டுக்குக் கிட்டப் பிறகுதான் அதற்கு நம்பத்தக்க விடை வந்தது. மாவட்ட வாரியான சனத்தொகைக் கணக்குகளை வைத்து, நோய் வராதிருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணித்து, 2014இல் வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ 3,07,000 பேர் என்றது. அன்றைய சனத்தொகையில் இது 6.7 வீதம். பதினைந்து பேரில் ஒருவர்.

ஏன் இவ்வளவு சுற்றுவழி? கிராமத்தில் ஒருவர் இறந்தால் பதிவாளரிடம் போய்ச் சொல்வது வீட்டுக்காரர். பதிவாளர் வைத்தியர் அல்லர். "என்ன வருத்தம்?" "காய்ச்சல் ஐயா." அவர் காய்ச்சல் என்று எழுதுவார். மலேரியாவும் காய்ச்சல்தான், பிரசவத்துக்குப் பின் வந்ததும் காய்ச்சல்தான், நெஞ்சில் சளி கட்டி முகம் நீலம் பாரித்து மூன்று நாளில் இறந்ததும் காய்ச்சல்தான். ஆண்டு முழுவதும் மலேரியாவில் கிடந்த எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மூடியது. 1921இல் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 34,000. பத்து ஆண்டில் கூடியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கிறவருக்கு இங்கு ஒன்றும் நடக்கவில்லை போலத் தெரியும். இந்தியாவின் கணக்கு அப்படி மறைக்கவில்லை: கணக்கெடுப்புத் தொடங்கிய நாளிலிருந்து சனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரை.

எட்டு வயதுப் பிள்ளைகள் சித்தி கையிலும் மாமி கையிலும் வளர்ந்த ஒரு தலைமுறை எந்த அட்டவணையிலும் இல்லை. தாயில்லாப் பிள்ளையைக் குடும்பம் தாங்கியது, அதைப் பெருமையாகவும் சொல்லலாம். ஆனால் தாங்கியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். தங்கள் படிப்பையும் சில வேளை கல்யாணத்தையும் விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றியவர்கள். அம்மம்மாவின் தாயை வளர்த்த சித்தி கடைசிவரை தனியாளாகவே இருந்தாவாம்.

படலையைத் திறந்து வந்தவர்கள்

உலகம் இந்த அடியிலிருந்து கற்றது மெதுவாகத்தான். முதலில் கற்றது தன் அறியாமையை. 1918இல் வைத்தியர்கள் ஒரு பக்டீரியாவைக் குற்றவாளியாக நினைத்தார்கள். அது வைரஸ் என்று மனிதரிடமிருந்து பிரித்தெடுத்துக் காட்டியது 1933இல், இலண்டனில், பெரற் என்ற கீரி போன்ற விலங்குகளை வைத்துச் செய்த சோதனையில். தடுப்பூசி 1940களில் வந்தது. பிரித்தானியா 1919இல் சுகாதாரத்துக்கென்று தனி அமைச்சு வைத்தது. தென்னாபிரிக்கா அதே ஆண்டில், அந்தக் காய்ச்சலின் நேரடி விளைவாகவே, பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவு 1925இல் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்து, ஆசியத் துறைமுகங்களில் என்ன நோய் இருக்கிறதென்று வாராவாரம் தந்தியால் திரட்டி வானொலியால் அறிவித்தது. கப்பலுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற அந்த எண்ணத்தைத்தான் உலக சுகாதார நிறுவனம் 1952இல் தொடங்கிய இன்புளுவென்சாக் கண்காணிப்பு வலையமைப்பு தொடர்ந்தது. இன்று ஒவ்வோராண்டும் தடுப்பூசிக்குள் எந்த வகையைப் போடுவதென்று தீர்மானிப்பது அந்த வலையமைப்பில் சேரும் மாதிரிகளை வைத்துத்தான்.

ஆனால் எங்கள் ஊர் வாழ்க்கையை மாற்றியது சிங்கப்பூர் வானொலி அல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு, ஒரு பகுதி மக்களை எல்லையிட்டு, அவர்களுக்கென்று ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, ஒரு பரிசோதகர் குழு, வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சிகள் என்று வைத்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல் ஆள் போய்ப் பார்க்கும் முறை. இதை 1918 தனியே பெற்றெடுத்தது என்று சொல்ல மாட்டேன். கொளுக்கிப் புழுவுக்கு எதிரான வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, 1934 - 35இல் ஏறத்தாழ 80,000 உயிரைக் குடித்த மலேரியாதான் அந்த முறையை நாடெங்கும் தள்ளியது. என் கணிப்பு இவ்வளவுதான்: துறைமுக வாசலில் காவல் நின்று பயனில்லை, வீட்டு வாசலில் ஆள் வேண்டும் என்பதை மறுக்க முடியாதபடி காட்டியது அந்தக் காய்ச்சல்.

அம்மம்மாவின் காலத்தில் அந்த ஆள் வந்துவிட்டா. வெள்ளைச் சேலையும் குடையும் கறுப்புப் பையுமாக வரும் மருத்துவிச்சி. அம்மம்மா ஆறு பெற்று ஆறையும் வளர்த்தவ. அவவின் தாயோ ஒன்பது பெற்று நான்கைத்தான் கண்டவ. எங்கள் வீட்டில் நவீன சமூகம் என்பது அந்தப் படலைத் திறப்பின் சத்தத்தோடு வந்தது.

2020: மீன் லொறி

2020 ஒக்டோபரில், கொழும்பை ஒட்டிய பேலியகொடை மீன்சந்தையில் கொவிட் கொத்தணி வெடித்தபோது, 1918இல் கரையோரக் கப்பல்கள் செய்ததை மீன் லொறிகள் செய்தன. இரவு இங்கே ஐஸ் போட்டு ஏற்றினால் விடியப் பேலியகொடை. கரையோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சந்தையில் ஒரு கால் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி லொறியில் உதவியாள். மூன்றாம் நாள் பின்னேரம் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சைக்கிள் தடத்தை ஒட்டி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, படலைக்கு வெளியே நின்றபடி குரல் கொடுத்தார்.

"அம்மா, தம்பி எத்தினை மணிக்கு வந்தவர்? வந்து ஆரோடயெல்லாம் இருந்து சாப்பிட்டவர்? பயப்படாமச் சொல்லுங்கோ, ஒருத்தரையும் பேசமாட்டன்."

கையில் ஒரு கொப்பி. நடுவில் கோடு போட்டிருந்தார். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வீட்டில் பால் மா தேவைப்படும் பிள்ளைகள், சீனி வருத்தக் குளிசை முடியப்போகும் கிழவர்கள். அந்த வலப்பக்கத்தை நான் மறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் மருத்துவிச்சி மிஸ் தொலைபேசியில் எடுத்து, எதிர்வீட்டு ஏழு மாதக் கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குகிறதா, பிள்ளை அசைகிறதா என்று கேட்டா. பதினான்கு நாளும் கேட்டா. அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்தது. 1918இல் எங்கள் வீட்டுப் பெண்ணிடம் அப்படிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அதே சட்டம், அடுத்த கரையில்

கொப்பியோடு வந்தவருக்குப் பின்னால் நின்ற சட்டம் எது? அதே 1897இன் கட்டளைச் சட்டம். 2020இல் கொவிட் ஒழுங்குவிதிகள் எல்லாம் அதன் கீழ்தான் வர்த்தமானியில் வந்தன. ஏப்ரலில் வந்த ஒன்று, கொவிட்டால் இறந்தவர் யாராயினும் தகனம் செய்யப்பட வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. இருந்தும் 2021 பெப்ரவரி முடியும்வரை முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. மார்ச் மாதத்திலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் ஓரிடத்தில் மட்டும் அடக்கம் செய்ய விட்டார்கள், 3,000க்கும் மேற்பட்ட கபுறுகள் அங்கே இருக்கின்றன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இது நோயைத் தடுத்ததா? தடுக்கவில்லை, ஒளித்தது. எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காய்ச்சலை வெளியே சொல்லாமல் வீட்டுக்குள் வேது பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை எனக்குத் தெரியும். தலைமுறைகளாகப் படலை திறந்து பழகிய மருத்துவிச்சிக்கும் பரிசோதகருக்கும் முன்னால் கதவுகள் சாத்தப்பட்டன. அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. கப்பலை மறிக்கும் சட்டம் அவர்களுடைய கொப்பியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி "காய்ச்சல்" என்ற சொல் எல்லாவற்றையும் மூடத் தொடங்கியது.

கிண்ணியாவில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மீன் வியாபாரி. அவருடைய வாப்பா 2020 டிசெம்பரில் போனார், எரிக்கப்பட்டார். பக்கத்து வீட்டு உம்மா 2021 மே மாதம் போனா, ஓட்டமாவடியில் அடக்கம். அந்த வீட்டுப் பிள்ளைகள் உம்மாவின் கபுறைப் பார்க்க வாகனம் பிடிக்கும்போதெல்லாம் இவரும் ஏறிக்கொள்வார். மூதூரும் வெருகலும் கடந்து போகும் நீண்ட வீதி அது. போகும்போது பேச மாட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒருமுறை நானே கேட்டேன், அங்கே போய் யாருடைய கபுறடியில் நிற்பீர்கள் என்று.

"வாப்பாக்கு கபுறு இல்லையே மகன். அதால எல்லா கபுறுக்கும் ஸலாம் சொல்லிட்டு வாறன். நிறைய இருக்கு. அஸருக்கு முன்னம் முடியாது."